நாலாந்தொட்டிக்கு எண் வைத்தவள்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் கனவில் சின்னச் சிவப்பு விளக்குகள் வந்துகொண்டேயிருக்கின்றன. நீராவி நிறைந்த ஒரு நீளமான கூடம். அதில் ஒரு விளக்கு மினுக்கி அணைகிறது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கும் அடுத்தது. கனவில் எனக்கு வேலை எதுவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது அணைந்து நாலாவது எரிய வேண்டிய நேரத்தில் மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அந்த நாலாவது விளக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கம்பியை எப்படிச் சீவுவது, கடைசி முனையில் எதைப் போட்டு முடிப்பது என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. என்னைவிட நீங்கள் வேகமாகவும் செய்வீர்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை நான் ஒரு மனிதருக்குக் கெடுதல் செய்துதான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது.

நம் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஓர் இடத்தின் சூடோ அழுத்தமோ நிமிடத்துக்கு நிமிடம் பதிவாக வேண்டும். அதற்காக ஒவ்வோர் இடத்திலும் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி வைக்கிறோம். அதை மாட்யூல் என்கிறோம். எல்லாப் பெட்டிகளையும் இரண்டே கம்பிகள் கோத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வரை போகின்றன. கம்பி பொது என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. கம்ப்யூட்டர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும்: ‘நாலு, உன் சூடு எவ்வளவு?’ நாலு மட்டும் பதில் சொல்லும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். தான்தான் நாலு என்பது பெட்டிக்குத் தானாகத் தெரியாது. மூடிக்குள்ளே எறும்பளவு சுவிட்சுகள் இருக்கும். அவற்றைப் பேனா முனையால் தள்ளி நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முடுக்கிவிட்டேன். ஒரு பெட்டியும் பேசவில்லை. தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இரண்டையும் மாற்றிப் போட்டதும் எல்லாம் கலகலவென்று பேச ஆரம்பித்தன. அன்று ரொம்ப அவமானப்பட்டேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவு நல்ல தப்பு என்று தோன்றுகிறது. பேசாத பெட்டி யாரையும் ஏமாற்றுவதில்லை. தப்பான எண்ணில் அழகாகப் பேசும் பெட்டியைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

என் ஊர் சின்ன காஞ்சிபுரம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் தெருவில் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு, கோயில் மணியும் மேளமும் போதும். நான் பிறவிப் பகல்கனவுக்காரி. பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே போய்விடுவேன். “இவள் உடம்பு இங்கே, ஆள் எங்கேயோ” என்று அப்பா சிரிப்பார். அப்படிப்பட்டவளுக்கு எண்ணும் கம்பியும் எப்படிப் பிடித்தன என்று வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு அது கனவின் இன்னொரு பக்கமாகத்தான் தெரிந்தது. இரண்டு கம்பி வழியாக ஓர் அறை முழுக்கப் பேசிக்கொள்வதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு சிறிய கருவி நிறுவனத்தில் இருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் சூடு பதியும் கருவி கேட்டிருந்தார்கள். “உன் ஊர்தானே, நீயே போ” என்றார் மேலாளர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டுக்குச் சாயம் போடும் இடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாசலுக்கு வெளியே ஓடும் சாக்கடைத் தண்ணீர் ஒருநாள் மயில்கழுத்து நிறத்தில் போகும், மறுநாள் மாம்பழ நிறத்தில் போகும். உள்ளே ஒரு நீளக் கூடம். வாசலில் நின்று பார்த்தால் இடது பக்கம் மூன்று தொட்டிகள், வலது பக்கம் மூன்று தொட்டிகள், நடுவில் பாதை. தொட்டிகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஓர் ஆள் போகிற அளவுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சாயக்காரர். நீராவிக் குழாயைத் திறந்து சாயத் தண்ணீரைச் சூடாக்கி, கம்பில் மாட்டிய பட்டு நூல்கட்டுகளை, அதாவது கழிகளை, முக்கித் திருப்பிக்கொண்டே இருப்பார். தண்ணீர் கொதிக்கும் நிலைக்குக் கீழேயே நிற்க வேண்டும். கொதிக்கவிட்டால் பட்டின் உயிர் போய்விடும். பார்வைக்குப் பளபளப்பு கொஞ்சம்தான் குறையும், ஆனால் தறியில் ஏற்றியதும் இழை இழையாக அறும்.

முதலாளி நல்ல மனிதர். அவருடைய அப்பாவும் சாயக்காரர், அவருக்கும் தொழில் தெரியும். அலுவலக அறையில் காபி கொடுத்து, ஒரு நோட்டுத் தாளில் கூடத்தை வரைந்து காட்டினார். ஒரு வரியில் மூன்று வட்டம், அதற்குக் கீழே இன்னொரு வரியில் மூன்று வட்டம். எண் எதுவும் போடவில்லை. நானும் கேட்கவில்லை. சென்னைக்குத் திரும்பி, மேசைமேல் ஆறு பெட்டிகளையும் பரப்பி, தாளில் எழுத்து எழுதுகிற வரிசையில் எண் வைத்தேன். மேல் வரி ஒன்று, இரண்டு, மூன்று. கீழ் வரி நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு மூடிக்குள்ளும் எண் எழுதிய சின்னத் தாளை ஒட்டினேன். ரொம்ப நேர்த்தியான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டிகளைப் பொருத்த முதலாளி ஓர் அமாவாசையைக் கொடுத்தார். எங்கள் ஊரில் அமாவாசை என்றால் தறியும் ஓடாது, சாயத்தொட்டியும் சூடேறாது. ஆள் நடமாட்டம் இல்லாததால் வேலை சுளுவாக முடிந்தது. கம்பியை இடது சுவரோடு உள்ளே கொண்டுபோய், பின் சுவரைச் சுற்றி, வலது சுவரோடு வாசலுக்குக் கொண்டுவந்தேன். பெட்டிகளை மட்டும் தாளைப் பார்த்து மாட்டினேன். வலது பக்கத்தில் வாசலை ஒட்டியது நாலு, நடுவில் ஐந்து, உள் மூலையில் ஆறு. பாய்லர் ஆளிடம் சொல்லி இரண்டு தொட்டிகளில் மட்டும் தண்ணீரைச் சூடாக்கிச் சோதித்தேன். ஒன்று சரியாக வந்தது. ஐந்தும் சரியாக வந்தது. மீதி நான்கு பெட்டிகளையும் நம்பிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒரு பெட்டி பதில் சொல்லும்போதெல்லாம் அதன் சிவப்பு விளக்கு மினுக்கும். நீராவியில் கம்பி தடுமாறக் கூடாது என்று கேள்விகளுக்கு நடுவே ஒரு நொடி இடைவெளி விட்டிருந்தேன். அதனால் விளக்குகள் நிதானமாக ஒவ்வொன்றாக எரியும். அலுவலகத்துத் திரையில் ‘தொட்டி 1’ முதல் ‘தொட்டி 6’ வரை ஓடிக்கொண்டிருந்தது. சாயக்காரர்கள் யாரும் அந்த அறைக்குள் வருவதில்லை.

வைகாசித் திருவிழா வந்தது. பெருமாள் கருடன்மேல் தெருவுக்கு வரும் காலை. சாதாரணமாக அன்று பட்டறை ஓடாது. ஆனால் ஒரு கடைக்கு ஒரே அரக்கு நிறத்தில் பெரிய அளவு பட்டு கேட்டிருந்தார்கள், முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அதனால் மூன்று தொட்டிகளில் மட்டும் சாயம் ஏற்றினார்கள். நாலு, ஐந்து, ஆறு. சாயம் ஏறிய கழிகளை அலசி, எல்லாவற்றையும் ஒரே மூங்கிலில் கலந்து உலர்த்தினார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பட்டு தறிக்குப் போய்ப் பத்து நாள் கழித்து முதலாளி போன் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அலுவலக மேசைமேல் அறுந்த அரக்கு நூல் ஒரு கூடை கிடந்தது. பக்கத்தில் எங்கள் கருவி அச்சடித்த தாள். திருவிழாக் காலையில் நாலாந்தொட்டி நாற்பது நிமிடம் கொதித்திருப்பதாகத் தாள் சொன்னது. ஐந்தும் ஆறும் ஒழுங்காக இருந்தன.

நாலாந்தொட்டிக்காரர் பெயர் கன்னியப்பன். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருகிறவர், ஐம்பது வயதிருக்கும், கை இரண்டும் முழங்கை வரை சாயமேறிக் கருத்திருக்கும். கோபக்காரர். கருவி வந்த அன்றே “என் கைக்கித் தெரியாத சூடா இதுக்குத் தெரியப்போவுது?” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதனாலேயே தாளைப் பார்த்ததும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். கருவி காட்டுவது சரிதான் என்று எல்லார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“பேப்பருக்கு உம்மேல என்ன கோவம் கன்னியப்பா?” என்றார் முதலாளி. “நாப்பது நிமிசம் கொதிச்சிருக்குது. சாமி பாக்கப் போனேன்னு சொல்லிடேன். தப்பில்ல, எல்லாருந்தான் போனாங்க.”

“நான் போவல மொதலாளி. மேளம் கேட்டுக்கினே இருந்துச்சு. சாமி முனையில நின்னு தீபாரதன ஆவுறது வரைக்கும் நான் தொட்டிய விட்டு நவுரல.” அவர் என் பக்கம் திரும்பினார். “இன்ஜினியரம்மா, பட்டு வெந்தா ஒரு வாசன வரும். அன்னிக்கி வந்துச்சு. ஆனா என் தொட்டியிலேர்ந்து வரல. புகையில எதுவும் கண்ணுக்குத் தெரியல. இது நாலாந்தொட்டின்னு உன் பொட்டிக்கி எப்டிம்மா தெரியும்?”

அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. எவ்வளவு சரியான கேள்வி! நம் துறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, “அதுக்கு எண் வெச்சதே நான்தாங்க. கருவி பொய் சொல்லாது” என்றேன்.

கன்னியப்பன் என்னையே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “பட்டை வேகவெச்சவன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல எந்தத் தொட்டிக்கும் என்னைக் கூப்புட மாட்டாங்கம்மா. தெரிஞ்சிதான் பேசுறியா?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. ‘இனிமேல் வர வேண்டாம்’ என்று முதலாளி சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

வந்த வேலை முடிந்தது. கருவியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடத்துக்குள் நுழைந்தேன். மணி ஐந்தரை இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டிகளுக்குக் கற்பூரம் காட்டுவது அந்தப் பட்டறையின் வழக்கம். அது எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நான் அங்கே இருந்ததே இல்லை. வழக்கமாகத் தட்டை எடுக்கிறவர் கன்னியப்பன். அன்று முதலாளியே எடுத்தார். சாயக்காரர்கள் கைகால் கழுவிக்கொண்டு அவரவர் தொட்டிப் பக்கத்தில் போய் நின்றார்கள். நான் வாசலில் ஓரமாக நின்றேன்.

மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. நீராவி அதில் பொன்னாக எழும்பியது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல எங்கேயோ போய்விட்டேன். முதலாளி இடது பக்கச் சுவர் வழியில் இறங்கினார். முதல் தொட்டிக்குக் கற்பூரம் காட்டினார். அந்த நொடியில் அதற்கு மேலே என் சிவப்பு விளக்கும் மினுக்கியது. அடுத்து இரண்டாவது தொட்டி. விளக்குகள் அதற்குள் பல சுற்று போய்வந்துவிட்டன. ஆனாலும் கற்பூரம் ஒரு சுற்று, விளக்கு ஒரு சுற்று என்று இரண்டையும் மனசில் ஒன்றாகச் சேர்த்து நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கற்பூரம் இடது வரிசையை முடித்துவிட்டுப் பின் சுவரை ஒட்டி வலமாகத் திரும்பியது. விளக்கு திரும்பவில்லை. மூன்றிலிருந்து ஒரே தாவாகத் தாவி, வாசலுக்குப் பக்கத்தில் என் தலைக்கு மேலே வந்து எரிந்தது.

கற்பூரத் தட்டு உள் மூலையில், வலது வரிசையின் கடைசித் தொட்டிக்கு முன்னால் நின்றது. அங்கே யாரும் இல்லை. ஆறு தொட்டிகளில் ஆள் இல்லாத தொட்டி அது ஒன்றுதான். முதலாளி ஒரு கணம் தயங்கி, ஆளில்லாத இடத்துக்குக் கற்பூரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

அப்படியானால் அதுதான் கன்னியப்பனின் தொட்டி. நாலாந்தொட்டி.

பக்கத்தில் நின்ற சாயக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், “இந்த வாசப்பக்கத் தொட்டி எத்தனாவதுங்க?”

“ஆறும்மா. சாமி சுத்துற மாதிரிதான் எண்ணுவோம். அப்டி உள்ள போயி இப்டி வெளிய வரணும்.”

நினைத்துப் பாருங்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கோயிலில் வலம் வந்தவள் நான். இடமாகச் சுற்றச் சொன்னால் என் கால் நகராது. நான் இழுத்த கம்பிகூட அந்தக் கூடத்தை வலமாகத்தான் சுற்றியது. ஒரு தாளின் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவர்களுடைய நாலை ஆறாகவும், ஆறை நாலாகவும் ஆக்கி வைத்திருந்தேன். ஒன்றும் இரண்டும் மூன்றும் இரண்டு கணக்கிலும் ஒரே இடம். நடுவில் நின்ற ஐந்தும் ஒரே இடம். நான் சோதித்த ஒன்றும் ஐந்தும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கின்றன. இத்தனை நாளும் எல்லாத் தொட்டிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டில் ஓடியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அப்போது எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத் தெருவுக்கு ஓடினேன்.

முனையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அந்த ஆள் போயிட்டாரா?” என்று கேட்டார். “போயிட்டார் சார்.” “அப்போ ஒண்ணு செய். மூடியத் திறந்து நாலையும் ஆறையும் மாத்தி வெச்சிட்டு வந்துடு. சர்வீஸ் பண்ணேன்னு எழுதிக்கோ. அதே தெருவில இன்னும் ரெண்டு பட்டறை நம்மளக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. புரியுதில்ல?” என்றார்.

எனக்குப் புரிந்தது. பேனா முனையால் நாலைந்து சுவிட்சுகளைத் தள்ளினால் போதும், மூன்று நிமிட வேலை. அதன் பிறகு கருவி நியாயமாகவே பேசும். அது முன்னால் என்ன பேசியது என்று யாரும் தேடப்போவதில்லை. பூத்துக்குள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதைச் செய்யலாம் என்று ஒரு நிமிடம் நான் நினைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அந்த ஆளில்லாத மூலைக்குக் காட்டிய கற்பூரம் கண்ணில் வந்து நின்றது.

மேலாளரிடம் “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். முதலாளி தட்டை வைத்துவிட்டு நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டிருந்தார். “நாலுன்னு எண் வெச்சதுல நான் தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்தேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. வாசல் பக்கத் தொட்டியில் ஒரு வாளி வெந்நீரை ஊற்றச் சொல்லி, அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். திரையில் ‘தொட்டி 4’ ஏறியது. உள் மூலைத் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். ‘தொட்டி 6’ ஏறியது.

“அப்போ அன்னிக்கிக் கொதிச்சது ஆறாந்தொட்டி,” என்றேன். “அதுல யாருங்க இருந்தாங்க?”

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற சாயக்காரர்கள் எல்லாரும் பார்த்தது அவரைத்தான்.

“ஆறாந்தொட்டிக்காரன் ஊருக்குப் போயிருந்தான்,” என்றார் கடைசியில். “நான்தான் நின்னேன். மேளம் கேட்டுச்சு. சாமி நம்ம வாசல்ல நிக்கும், மரியாத வாங்கணும். ஒரு நிமிசத்துல வந்துடலாம்னு போனேன். ஒரு நிமிசந்தான் மேடம். அப்டித்தான் எனக்கு நெனப்பு இருக்குது.”

அவர் பொய் சொல்லவில்லை. குடையும் கருடனும் தெருவில் ஆடிவரும்போது எதிரே நிற்கிறவனுக்கு நாற்பது நிமிடம் ஒரு நிமிடமாகத்தான் இருக்கும். நானும் அந்தத் தெருவில் நின்றவள்தான்.

பிறகு அவர் செய்த காரியத்துக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அச்சடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். ‘தொட்டி 4’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘6’ என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். “வண்டியக் கொண்டாங்கப்பா,” என்றார். “வெளிச்சம் இருக்கும்போதே ஓரிக்கை போயிட்டு வந்துடலாம். நீங்களும் வாங்க மேடம். இத நான் மட்டும் சொன்னா சரியா வராது.”

பாலாற்றுப் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் அந்தி வெளிச்சத்தில் நீண்டு கிடந்தது. கன்னியப்பன் வீட்டுக்கு முன்னால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார், வாங்க என்று சொல்லவில்லை. முதலாளி தாளை நீட்டி, “தப்பு என்னுது கன்னியப்பா. திங்கக்கெழம வந்துடு” என்றார்.

நான் மீதியைச் சொன்னேன். வரிசை மாறிப்போனதை, கற்பூரம் திரும்பியதை, விளக்கு தாவியதை. கன்னியப்பன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“எண் வெக்கிறதுக்கு முன்னால எங்கள்ள ஒருத்தனக் கேட்டியாம்மா?”

“இல்லீங்க.”

“ஒரு தபா எங்ககூட சுத்தி வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே.”

“ஆமாங்க.”

அவர் தாளை வாங்கிச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். அடித்த நாலைப் பார்த்தார், ஆறைப் பார்த்தார், முதலாளியின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இத நான் வெச்சிக்கிறேன். வழியில நாலு பேரு கேப்பாங்க” என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன்.

“இரும்மா,” என்றார். தாளை மறுபடி வெளியே எடுத்தார். “இதுல மொதலாளி பேரு இருக்குது. உம் பேரு எங்க?”

நான் தாளைப் பார்த்தேன்.

“எண் வெச்சதே நான்தான்னு அத்தினி பேருக்கு முன்னால சொன்னியே. அவரு தொட்டிய விட்டுட்டுப் போனாரு, அத எழுதிட்டாரு. நாலுன்னு சொன்னது நீதான? அதையும் எழுதும்மா.”

சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்து எழுதினேன். ‘எண் தவறாக வைத்தது நான்’ என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். கண்ணீரில் மை கொஞ்சம் கலைந்தது. அவர் அதை ஊதிக் காயவைத்து மடித்துக்கொண்டார். அப்புறம்தான் வீட்டுக்குள் பார்த்து, “ரெண்டு பேருக்கும் தண்ணி கொண்டா” என்றார்.

திங்கட்கிழமை கன்னியப்பன் முன்னால் நடக்க, நான் பேனாவோடு பின்னால் நடந்தேன். அவர் ஒவ்வொரு தொட்டியின் விளிம்பையும் தட்டி எண்ணைச் சொன்னார், நான் மூடியைத் திறந்து சரிபார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊரிலேயே இருந்தேன். கற்பூரம் பின் சுவரைத் திரும்பியபோது விளக்கும் அதோடு சேர்ந்து திரும்பியது. மேலாளர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. மற்ற இரண்டு பட்டறைகளில் ஒன்று எங்களை வேண்டாம் என்றது. இன்னொன்று, தப்பை ஒத்துக்கொண்ட அந்த அம்மாவையே அனுப்புங்கள் என்று எழுதியது.

கன்னியப்பன் அதன் பிறகும் அதே மூலையில் பல வருடம் வேலை செய்தார். இருந்தாலும் செவிலிமேடு பஸ்ஸில் ஒருமுறை யாரோ அவரைக் காட்டி, “பட்டை வேகவெச்சாரே, அவருதான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்துபோய் அந்த ஆளிடம், “அவர் இல்லைங்க” என்று சொன்னேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதன் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் இன்றைக்கு வைக்கிற எண்களை மேசையில் உட்கார்ந்தபடியே மாற்ற முடிகிறது. பேனா முனைகூடத் தேவையில்லை. ஆனாலும் எண் வைப்பதற்கு முன் போய், அங்கே நிற்கிறவர்களோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அவர்கள் எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள்.

ஓரிக்கையிலிருந்து திரும்பிய பிறகு நான் பொருத்திய ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் எண்ணுக்குக் கீழே என் பெயரை எழுதினேன். நிறுவனத்தில் அதைக் கேலி செய்தார்கள். ஓய்வு பெறும் நாள்வரை விடவில்லை. என்றாவது ஒருநாள், எங்கேயோ ஒரு மனிதர், தான் செய்யாத ஒன்றுக்காகத் தலைகுனிந்து நின்று, “இது நாலுன்னு யார் சொன்னது?” என்று கேட்கலாம். மூடியைத் திறந்தால் அங்கே என் பெயர் இருக்கும்.